இணையத்தில் சைக்கிள் பாகங்கள்: விலைக்கு முன் அளவைச் சொல்லும் கடை வேண்டும்

சைக்கிள் பாகங்களை விற்கும் இணையக் கடைகளுக்கு வாடிக்கையாளர்கள் எழுதும் மதிப்புரைகளைப் படித்தால், விலை மலிவாக இருந்தது, சொன்ன நாளில் பொருள் வந்து சேர்ந்தது என்ற இரண்டுமே பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் டயர், டியூப், செயின், பிரேக் பேடு, பி.பி. அச்சு (பெடல் கிராங்க்குகளைத் தாங்கும் நடு அச்சு) என எதை எடுத்துக்கொண்டாலும், அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியில் குறிப்பிட்ட ஓரிடத்தில் போய் உட்கார வேண்டிய பொருள். சில இடங்களில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் உட்காராது. ஆகவே இந்தக் கடைகளுக்கு வருபவர் மனத்தில் முதலில் இருக்கும் கேள்வி, "இது என் வண்டிக்குப் பொருந்துமா?" என்பதுதான். பல ஆண்டுகளாக இந்தியக் கடைகளிலும் சில வெளிநாட்டுக் கடைகளிலும் பாகங்கள் வாங்கி, பெரும்பாலான வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்பவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு இந்தக் கடைகள் எவ்வளவு தூரம் பதில் சொல்கின்றன என்பதை வைத்தே இங்கே அவற்றை மதிப்பிடுகிறேன். குறை சொல்லும் இடங்களில் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். சொல்லப்படும் குறைகள் ஒரே கடைக்கு மட்டும் உரியவை அல்ல.

தெருமுனை சைக்கிள் கடையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பழைய ஃப்ரீவீலைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால், கடைக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, பல்லை எண்ணி, உள்ளேயிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக் காட்டுவார். "அண்ணே, இது சேருமா?" என்று சந்தேகமாகக் கேட்டால், "சேரலேன்னா கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்பார். பொருளை நேரில் பார்க்கும் அந்தக் கண்ணும், திருப்பி எடுத்துக்கொள்ளும் அந்த வாக்கும் இணையக் கடையில் இயல்பாகக் கிடைப்பதில்லை. அவற்றின் இடத்தை எண்களும் படங்களும் தெளிவான விதிகளும் நிரப்ப வேண்டும். எந்தக் கடை இதை உணர்ந்திருக்கிறது, எது உணரவில்லை என்பது பொருளின் பக்கத்தைத் திறந்த சில நொடிகளிலேயே தெரிந்துவிடும்.

டயரையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதிகம் விற்பதும் அதுதான், அதிகம் குழப்பம் தருவதும் அதுதான். "26 அங்குல டயர், உயர்ந்த தரம், நல்ல பிடிப்பு" என்று மட்டும் எழுதி விலையைப் போட்டிருக்கும் பக்கங்களைப் பெரிய விற்பனைத் தளங்களில் ஏராளமாகக் காணலாம். 26 அங்குலம் என்று பெயர் பெற்ற டயர்களில் ஒன்றுக்கொன்று பொருந்தாத குறைந்தது ஐந்து விட்டங்கள் இருக்கின்றன: 559, 571, 584, 590, 597 மில்லிமீட்டர். இவற்றில் இரண்டு நம் தெருக்களில் தினமும் ஓடுகின்றன. பெண்களுக்கான சாதாரண சைக்கிள்களில் வரும் 26 × 1 3/8 என்ற டயரின் விட்டம் 590. மலைச் சைக்கிள் வகையில் வரும் 26 × 1.95, 26 × 2.1 போன்றவற்றின் விட்டம் 559. இரண்டுக்கும் 31 மி.மீ. வித்தியாசம். ஒன்றின் ரிம்மில் மற்றொன்றை எந்த நெம்புகோலாலும் ஏற்ற முடியாது. 28 அங்குலத்திலும் இதே கதைதான். கேரியரும் முழுச் செயின் கவரும் வைத்த கறுப்பு வண்டிகளின் 28 × 1 1/2 டயருக்கு விட்டம் 635. இன்றைய ஹைப்ரிட், ரோடு சைக்கிள்களின் 700சி டயருக்கு 622. இதே 622 மலைச் சைக்கிளில் 29 அங்குலம் என்ற பெயரில் விற்கப்படுகிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ஐஎஸ்ஓ 5775 என்ற அளவு முறை வந்தது. 37-622 என்றால் டயரின் அகலம் 37 மி.மீ., ரிம்மில் அது உட்காரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ. இந்த எண் பெரும்பாலான டயர்களின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். டயரைப் படம் எடுத்துப் போடும் கடை, அந்த எழுத்தை அருகிலிருந்து ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டால் வாங்குபவர் தன் பழைய டயரோடு ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதியாகப் பணம் கட்டுவார். செலவே இல்லாத இந்த வேலையைச் செய்யும் கடைகள் நம்மிடம் மிகச் சிலவே இருக்கின்றன என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. செய்யும் கடைகளிலோ டயருக்கு அடுத்த வரியில் அது மடக்கக்கூடிய வகையா, கம்பி வைத்த வகையா, அதிகபட்சக் காற்றழுத்தம் எவ்வளவு, எடை எவ்வளவு என்பதெல்லாம் தாமாகவே வந்துவிடுகின்றன. ஓரிடத்தில் அளவில் கவனம் காட்டும் கடை மற்ற இடங்களிலும் அதைக் காட்டுகிறது என்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

டியூபுக்கு விட்டத்தோடு வால்வும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண சைக்கிளில் ரப்பர் வால் டியூப் மாட்டும் பழைய டன்லப் வால்வு, மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற ஷ்ரேடர் வால்வு, ரோடு சைக்கிளின் மெல்லிய ப்ரெஸ்டா வால்வு என மூன்று நம்மூரில் புழக்கத்தில் உள்ளன. ப்ரெஸ்டாவின் தண்டு சுமார் 6 மி.மீ., ஷ்ரேடரின் தண்டு சுமார் 8 மி.மீ. தடிமன். ப்ரெஸ்டாவுக்குத் துளையிட்ட ரிம்மில் ஷ்ரேடர் நுழையாது. ரிம் ஆழமாக இருந்தால் தண்டின் நீளமும் முக்கியம், 48 மி.மீ. தண்டு ஆழமான ரிம்முக்குள் மறைந்துபோய்ப் பம்பின் தலை பிடிக்க இடமில்லாமல் போகும். வால்வின் வகையையும் தண்டின் நீளத்தையும் சொல்லாமல் ஒரு டியூபை விற்பது பாதி விலாசத்தை எழுதிக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குச் சமம்.

கியர் பாகங்களுக்கு வரும்போது படங்கள் முழுவதுமாகக் கைவிட்டுவிடுகின்றன. எல்லாச் செயின்களிலும் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம் அரை அங்குலம்தான். ஆகவே படத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு வெளி அகலத்தில் இருக்கிறது. எட்டுப் பல்சக்கர வண்டியின் செயின் சுமார் 7 மி.மீ. அகலம், ஒன்பதுக்கு 6.6, பத்துக்கு ஏறக்குறைய 6, பதினொன்றுக்கு ஐந்தரையை ஒட்டி. பதினொன்றுக்கு உரிய இடுக்கில் எட்டின் செயினைப் போட்டால் அது பக்கத்துச் சக்கரத்தில் உரசிக்கொண்டே ஓடும். பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியிலும் இதே நிலைதான். விலை குறைந்த ஏழு கியர் வண்டிகள் பலவற்றில் ஹப்பின் மேல் மரையிட்டுத் திருகும் ஃப்ரீவீல் இருக்கும். சற்றே விலை கூடியவற்றில் ஹப்பின் வரிப்பள்ளங்களில் செருகி மேலே மூடிபோட்டு இறுக்கும் கேசட் இருக்கும். முன்பக்கமிருந்து எடுத்த படத்தில் இரண்டையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே கடினம். பின்பக்கத்தைத் திருப்பி ஒரு படம் எடுத்தால் மரையா, வரிப்பள்ளமா என்று யாருக்கும் புரிந்துவிடும். அப்படி எடுக்கப்பட்ட படத்தை ஓர் இந்தியக் கடையில் அண்மையில் கண்டபோது, அந்தக் கடையைப் பற்றி நான்கு பேரிடம் சொன்னேன்.

இன்னும் நுட்பமான பொருத்தங்களை அளவுகோல் வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. கியர், பிரேக் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் பத்து கியர் மலைச் சைக்கிள் டீரெய்லரும் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) பத்து கியர் ரோடு ஷிஃப்டரும் (கியர் மாற்றும் கைநெம்பு) ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள், இரண்டிலும் கியர் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் கேபிளை இழுக்கும் அளவு வேறாக இருப்பதால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யா. 2023இல் அந்நிறுவனம் கொண்டுவந்த க்யூஸ் வரிசை, பழைய ஹைப்பர்கிளைடு பல்சக்கரங்களோடு கலக்க முடியாத லிங்க்கிளைடு என்ற வேறு பல்சக்கர முறையைப் பயன்படுத்துகிறது. இதை எல்லா வாடிக்கையாளரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. எதோடு சேரும், எதோடு சேராது என்று கடை இரண்டு வரிகள் எழுத வேண்டும். குறிப்பாக அந்த இரண்டாவது வரி வேண்டும். "எல்லா ஷிமானோ வண்டிகளுக்கும் பொருந்தும்" என்று எழுதிய பக்கத்தைவிட, "இன்ன வரிசைக்குப் பொருந்தாது" என்று எழுதிய பக்கத்தை நான் நம்புகிறேன். பின்னதை எழுதியவர் பொருளைத் தெரிந்துகொண்டு விற்கிறார்.

பிரேக்கில் இது பாதுகாப்பைப் பற்றிய விஷயமாகிவிடுகிறது. டிஸ்க் பிரேக்கின் பேடுகள், அவற்றை அழுத்தும் காலிப்பருக்குக் காலிப்பர் வடிவம் மாறுபவை. பி05எஸ் என்று குறியிட்ட பேடு பழைய பி01எஸ்ஸின் இடத்தில் உட்காரும், ஆனால் ரோடு சைக்கிள் காலிப்பருக்கான பேடு அங்கே நுழையவே நுழையாது. வடிவம் சரியாக இருந்தாலும் பேடின் பொருள் ரெசினா, உலோகமா என்பதைச் சொல்ல வேண்டும். பேடுகள் பிடிக்கும் வட்டத் தகடுதான் ரோட்டர்; ஷிமானோவின் விலை குறைந்த ரோட்டர்கள் சிலவற்றின் மேல் ரெசின் பேடு மட்டும் என்று பொறித்திருப்பார்கள். அந்த ரோட்டரில் உலோகப் பேடைப் போட்டால் ரோட்டர் வேகமாகத் தேய்ந்துபோகும். ஹைட்ராலிக் பிரேக்கின் எண்ணெயில் தவறு இன்னும் பெரிது. ஷிமானோவுக்கும் டெக்ட்ரோவுக்கும் மினரல் ஆயில். ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளுக்கு டாட் திரவம். ஒன்றில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும் நிலை வரலாம். "சைக்கிள் பிரேக் ஆயில்" என்று பொதுவான பெயரில் ஒரு புட்டியை விற்பனைக்கு வைத்து, எந்த வகை என்பதைப் படத்தின் மூலையில் தேட வைத்திருந்த பக்கத்தைப் பார்த்தபோது, விற்பவருக்கு எழுதி அதை மாற்றச் சொன்னேன். பதில் வரவில்லை. அந்தக் கடையில் பிறகு பெல்கூட வாங்கவில்லை.

இத்தனை விவரத்தையும் ஒரு கடையால் தர முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட் நியூட்டன் என்ற ஊரிலிருந்த ஹாரிஸ் சைக்ளரி என்ற கடையில் வேலை செய்த ஷெல்டன் பிரவுன், டயர் அளவு, பி.பி. மரை, ஃப்ரீவீல் வகை என ஒவ்வொன்றைப் பற்றியும் இணையத்தில் பொறுமையாக எழுதி வைத்தார். அவர் 2008இல் காலமானார். கடையும் 2021இல் மூடப்பட்டது. ஆனால் அவர் தொகுத்த டயர் அளவு அட்டவணையை இன்றும் உலகெங்கும் மெக்கானிக்குகள் திறந்து பார்க்கிறார்கள். பாகம் விற்பவருக்குப் பாகத்தைப் பற்றி எழுதும் கடமையும் உண்டு என்று நான் கருதுவதற்கு அவருடைய பக்கங்களே காரணம். இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியின் பிரிட்ஜ்வாட்டரிலிருந்து இயங்கும் எஸ்ஜேஎஸ் சைக்கிள்ஸ் என்ற கடையையும் சொல்ல வேண்டும். முழு ஹப்பை வாங்கத் தேவையில்லாமல் அதன் கோனை மட்டும், முழு பிரேக்கை வாங்கத் தேவையில்லாமல் அதன் ஒரு திருகாணியை மட்டும் தேடி எடுக்கும்படி அங்கே பட்டியல் அமைந்திருக்கிறது. ஒரு சிறு வளையத்துக்காக ஒரு நல்ல வண்டியை ஓரம்கட்டி வைக்கக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பட்டியலில் தெரிகிறது.

நம் இந்தியக் கடைகளில் சிறு பாகங்களின் நிலை மோசம். ஷிமானோவின் முழு கியர் தொகுதியை எளிதாக வாங்கலாம். அதே தொகுதியின் டீரெய்லரில் தேய்ந்துபோன சிறு வழிகாட்டிச் சக்கரம் இரண்டை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. கோன், பால்ரஸ், கேபிள் முனை, செயின் இணைப்புக் கண்ணி, ஸ்போக் நிப்பிள் ஆகியவற்றில் லாபம் குறைவு என்பது புரிகிறது. ஆனால் இவற்றைத் தேடி வருபவர் யாரென்று பார்க்க வேண்டும்: தன் வண்டியைத் தானே பிரித்துப் பார்ப்பவர், அல்லது பிறர் வண்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் மெக்கானிக். இருவரும் மாதம்தோறும் திரும்பி வரக்கூடியவர்கள். ஸ்போக் கம்பிகளை மில்லிமீட்டர் கணக்கில் நீளம் சொல்லி, பதினான்கு கேஜ் என்று தடிமனையும் சொல்லி, ஒவ்வொன்றாகவும் விற்கும் ஒரு கடை பெங்களூரிலோ சென்னையிலோ கோவையிலோ நிலையாக இருந்தால் அதைச் சுற்றி ஒரு வாடிக்கையாளர் கூட்டம் தானாகவே சேரும்.

விலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வட அயர்லாந்தில் 1984இல் ஒரு சிறு கடையாகத் தொடங்கிய செயின் ரியாக்ஷன் சைக்கிள்ஸ், இங்கிலாந்தின் விகிள் ஆகிய இரண்டும் குறைந்த விலைக்குப் பெயர்பெற்றவை. சுங்க வரி கட்டியும் அங்கிருந்து வரவழைத்த இந்தியச் சைக்கிள்காரர்கள் பலர். 2016இல் இரண்டும் ஒன்றாக இணைந்தன. 2023 அக்டோபரில், தாய் நிறுவனத்தின் பண ஆதரவு நின்றுபோன நிலையில், திவால் நிர்வாகத்தின்கீழ் சென்றன. கடை நிலைத்திருந்தால்தான் அடுத்த ஆண்டும் அதே பேடு கிடைக்கும். அதற்கு நியாயமான லாபம் வைத்து விற்கட்டும். எனக்கு வேண்டியதெல்லாம், அனுப்பும் கட்டணத்தைக் கடைசித் திரையில் கொண்டுவந்து காட்டாமல் முதலிலேயே காட்டுவதும், நிறுவனத்தின் பெட்டியில் வரும் பொருளா, தொழிற்சாலைகளுக்கு மொத்தமாகப் போகும் பெட்டியில்லாத பொருளா என்பதை மறைக்காமல் எழுதுவதும்தான். பெட்டியில்லாத பொருள் மட்டம் என்று சொல்லவில்லை; அதே செயின் பெட்டியில்லாமல் மலிவாக வரும்போது மகிழ்ச்சியாகவே வாங்குவேன். ஆனால் போலிச் செயின்களும் போலி பேடுகளும் உலவும் சந்தையில், பொருள் எந்த வழியாக வந்தது என்று தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை.

இருப்பு விவரத்தில் உண்மை வேண்டும். "இருப்பில் உள்ளது" என்று காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு, மூன்றாம் நாள் "விநியோகஸ்தரிடம் இல்லை, பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம்" என்று செய்தி அனுப்பும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. பாகம் வாங்குபவர் பெரும்பாலும் வண்டியைக் கழற்றிப்போட்டுவிட்டுக் காத்திருப்பவர். அந்த மூன்று நாளில் அவர் வேறெங்காவது வாங்கியிருக்க முடியும். தங்கள் கிடங்கில் இருப்பது எது, விநியோகஸ்தரிடமிருந்து வரவழைத்துத் தருவது எது என்று பிரித்துக் காட்டுவது கடினமான வேலை அல்ல. பத்து நாளாகும் என்று முன்பே சொன்னால் பத்து நாள் காத்திருக்க ஆயத்தமாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து பொட்டலம். டிஸ்க் ரோட்டர் ஒன்றை ஒரு கடையிலிருந்து வரவழைத்தேன். 1.8 மி.மீ. தடிமனுள்ள உருக்குத் தகடு அது. அட்டை எதுவும் வைக்காமல் கூரியரின் பிளாஸ்டிக் உறையில் நேரடியாகப் போட்டு அனுப்பியிருந்தார்கள். வழியில் ஏதோ ஒரு மூட்டை அதன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணாடி மேசைமேல் படுக்க வைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் மேசையைத் தொட்டது, எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வண்டியில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடோடு உரசி "சர்க்" என்று ஓர் ஒலி. இரண்டு பக்கமும் அட்டை வைத்து நாடா ஒட்டியிருந்தால் இது நேர்ந்திருக்காது. கடைக்குப் படத்தோடு எழுதினேன். "நீங்கள் மாட்டிவிட்டீர்கள், ஆகவே திரும்பப் பெற முடியாது" என்று பதில் வந்தது. மாட்டிப் பார்க்காமல் பிரேக் பாகத்தின் குறையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வேறொரு கடையோ கம்பி வைத்த டயரை மடித்துச் சுருட்டாமல், முழு வளையமாகவே அட்டைப்பட்டை சுற்றி அனுப்பியது. பெரிய பொட்டலம் என்பதால் கட்டணம் சற்றுக் கூடியது, அதை முன்கூட்டியே சொல்லியும் இருந்தார்கள். மடக்கிக் கட்டி வரும் கம்பி டயரில் கம்பி முறிந்து வளைந்துபோவதைப் பார்த்திருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் கட்டணத்தின் அருமை தெரியும்.

திரும்பப் பெறும் விதிகளைப் பொறுத்தவரை, கடைகள் தரும் சலுகைக்கு அப்பால் சட்டம் தரும் உரிமையும் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது. ஒவ்வொரு கடையும் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும்; புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். சைக்கிள் பாகக் கடைகள் பலவற்றின் தளத்தில் அப்படி ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிவதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கும் நிலைக்கு வாடிக்கையாளரைத் தள்ளாமல் இருப்பது கடைக்கும் நல்லது. அளவு தவறி வாங்கிய பொருளின் கதை வேறு. அங்கே தவறு வாங்கியவருடையதாக இருந்தால் திருப்பி அனுப்பும் செலவை அவரே ஏற்பது முறை. ஆனால் பக்கத்தில் அளவே எழுதாத கடை அந்தச் செலவை வாங்கியவர் தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதே எண்களுக்கு அடுத்தபடியாக நான் எதிர்பார்ப்பது. பி.பி. அச்சு ஒன்றை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். நம்மூர் வண்டிகளில் பெரும்பாலும் 68 மி.மீ. அகலக் கூட்டில் 1.37 அங்குல மரை இருக்கும். வலப்பக்க மரை எதிர்ச்சுற்று. இதுவரை நிம்மதி. ஆனால் அச்சின் நீளம் 110, 113, 118, 122.5 என்று பல வகை. எந்த நீளம் என்பது கிராங்க்கைப் பொறுத்தது. பழைய அச்சில் எழுத்து அழிந்துபோயிருந்தால் கிராங்க்கின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பிக் கேட்பதைத் தவிர வழியில்லை. சில இந்தியக் கடைகளில் மறுமுனையில் இருப்பவர் உண்மையிலேயே ஸ்பானர் பிடித்தவர். "அச்சோட ரெண்டு முனைக்கும் நடுவுல அளந்து சொல்லுங்க சார், கிராங்க் போல்ட்டைக் கழட்டினா தெரியும்" என்று எனக்குப் பதில் எழுதியவர் அப்படிப்பட்டவர். அளந்து சொன்னதும் சரியான அச்சு வந்தது. பெரிய தளங்களில் இதே கேள்விக்குக் கிடைப்பது, பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் வரியைத் திரும்ப ஒட்டிய பதில். தமிழில் கேட்டால் தமிழில் பதில் வர வேண்டும் என்றும் விரும்புகிறேன். பொள்ளாச்சியிலோ தென்காசியிலோ கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன்களுக்கு இந்த வேலை நன்றாகத் தெரியும். ஆங்கிலப் படிவத்தை நிரப்பிக் கேட்கும் பழக்கம்தான் இல்லை. அவர்களிடம் இப்போது கியர் சைக்கிள்கள் நிறைய வருகின்றன, பாகம் கிடைக்காமல்தான் திருப்பி அனுப்புகிறார்கள்.

சாதாரண சைக்கிள்காரர்களுக்கு இந்தக் கடைகள் தேவையா என்றால், பெரும்பாலும் தேவையில்லை என்பதே என் கருத்து. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டிக்கும், அப்பா காலத்துக் கறுப்பு வண்டிக்கும் வேண்டிய காட்டர் பின், பிரேக் கட்டை, வால் டியூப், செயின் ஆகியவை லூதியானாவிலிருந்து வந்து எல்லா ஊர்க் கடைகளிலும் தொங்குகின்றன. காட்டர் பின்னின் விலையைவிட அதை அனுப்பும் கட்டணம் பல மடங்கு. அதை இணையத்தில் வாங்கச் சொல்வது யாருக்கும் நன்மை செய்யாது. தரமான 28 × 1 1/2 டயர் போன்ற ஒன்றிரண்டு பொருள்கள் மட்டுமே விதிவிலக்கு. அவற்றையும் மெக்கானிக்குகள் மொத்தமாக வாங்கும் வசதியோடு விற்றால் பயனுண்டு. டியூப், டயர், பசை போன்ற ரப்பர் சரக்குகளில் தயாரித்த மாதமும் ஆண்டும் உறையில் அச்சாகியிருக்கும். அதைப் பக்கத்திலும் எழுதிவிடலாம். நம் வெயிலில் கிடங்கில் நெடுநாள் கிடந்த டியூபை யாரும் விரும்பி வாங்க மாட்டார்கள்.

புதிதாக ஒரு கடையைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், முதலில் அதன் ஹேங்கர் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். பின் டீரெய்லரையும் ஃபிரேமையும் இணைக்கும் சிறு அலுமினியத் துண்டு அது. வண்டி விழுந்தால் டீரெய்லரும் ஃபிரேமும் தப்புவதற்காகத் தான் வளைந்துகொடுக்கும்படி மென்மையாகச் செய்யப்பட்டது. வண்டிக்கு வண்டி அதன் வடிவம் மாறும். நூற்றுக்கணக்கான வடிவங்கள் உள்ளன. 2019இல் ஸ்ராம் நிறுவனம் எல்லா ஃபிரேம்களுக்கும் பொதுவான யுடிஎச் என்ற ஹேங்கரைக் கொண்டுவந்தது. ஆயினும் நம் தெருக்களில் ஓடும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை பழைய வகையையே நம்பியிருக்கின்றன. விலை சில நூறு ரூபாய்தான், ஆனால் அது உடைந்தால் எவ்வளவு விலை உயர்ந்த வண்டியும் நகராது. நல்ல கடையில் ஒவ்வொரு ஹேங்கரும் சதுரக்கோடு போட்ட தாள்மேல் நேராக வைத்துப் படமெடுக்கப்பட்டிருக்கும். இரு துளைகளுக்கு இடையேயான தூரம் மில்லிமீட்டரில் இருக்கும். பின்பக்கப் படமும், எந்தெந்த வண்டியின் எந்தெந்த ஆண்டுக்கு என்ற பட்டியலும் இருக்கும். அந்தப் பக்கம் அப்படி இருந்தால் செயினையும் கேசட்டையும் விலை பார்க்காமல் அங்கேயே வாங்குங்கள் என்று சொல்லிவிடுவேன். "எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்" என்று ஒரே ஒரு ஹேங்கரை வைத்திருந்தால், வேறு கடை பாருங்கள் என்பேன்.